கொக்கல களப்பின் பறக்கும் படகுத் தளம்: பள்ளிக் கண்காட்சி மாதிரிக்கு விவரம் தேவை

காவேரிப்பட்டணம் குமரவேல்:

வணக்கம். எங்கள் பள்ளி வரலாற்று மன்றம் இந்த ஆண்டுக் கண்காட்சிக்கு இலங்கையின் கொக்கலவை எடுத்திருக்கிறது. காலி நகருக்குக் கிழக்கே உள்ள கடலோரச் சிற்றூர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா பறக்கும் படகுகள் (நீரில் இறங்கி நீரிலிருந்தே கிளம்பும் விமானங்கள்) நின்ற தளம். 8-க்கு 4 அடி ப்ளைவுட் பலகை ஒன்று தயாராக இருக்கிறது. அதன் மேல் 1942 முதல் 1945 வரையிலான தளத்தை மாதிரியாகச் செய்யப் போகிறோம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடலும் தூரம், விமானத்தளமும் தூரம். அவர்கள் கேட்பதற்குத் தவறில்லாமல் பதில் சொல்ல வேண்டும்.

பக்கத்திலேயே கடல் இருக்க, எதற்குக் களப்பில் (கடலை ஒட்டிய உப்பங்கழியில்) இறங்கினார்கள்? சக்கரமே இல்லாத விமானத்தை எப்படிக் கரையேற்றிப் பழுது பார்த்தார்கள்? பர்ச்சால் என்ற கனடா விமானிதான் இலங்கையைக் காப்பாற்றினார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறது, அது எந்த அளவுக்குச் சரி? அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நிற்காமல் பறந்த விமானங்களைப் பற்றியும் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டது: அந்த விமானம் நம்ம கே.ஆர்.பி. டேமில் (கிருஷ்ணகிரி அணையில்) இறங்கியிருக்க முடியுமா?


ஓசூர் அரவிந்தன்:

குமரவேல் சார், முதல் இரண்டு கேள்விக்கும் சேர்த்தே சொல்கிறேன். அந்தத் தண்ணீரைப் புரிந்துகொண்டால் தளம் முழுவதும் புரிந்துவிடும்.

கொக்கலவின் வெளிக்கடல் தென்மேற்குப் பருவக்காற்றை நேராக வாங்குகிற கடல். மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை அலை அடங்காது. கேட்டலினாவின் அடிவயிறு படகு போலத்தான் இருக்கும், ஆனால் அது ரிவெட் அடித்த மெல்லிய அலுமினியத் தகடு. தண்ணீரை விட்டு எழும்ப ஏறத்தாழ 70 நாட் வேகம் வேண்டும், அதாவது மணிக்கு 130 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு பெரிய அலையில் மோதினால் தகடு நெளியும், ரிவெட் தெறிக்கும், தையல் விட்டுத் தண்ணீர் உள்ளே வரும். களப்பில் இந்தத் தொல்லை இல்லை. ஏறத்தாழ 4.8 கி.மீ. நீளம், 2 கி.மீ. அகலம், ஆழம் 1 முதல் 3.7 மீட்டர். கடலுக்கும் அதற்கும் நடுவே மணல்திட்டு. கடல் கொந்தளித்தாலும் உள்ளே தண்ணீர் படிந்தே கிடக்கும்.

ரொம்பவும் படிந்து கிடந்தால் அதுவும் ஆகாது. காற்றே இல்லாத விடியற்காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும் நீர் விமானத்தின் அடிவயிற்றை விடாமல் பிடித்துக்கொள்ளும். என்ஜின் இரண்டும் தலா 1,200 குதிரைத்திறன். முழுச் சுமை ஏற்றிவிட்டால் அந்த வலுவும் பற்றாமல் போகும். அப்போது ஒரு விசைப்படகை ஓடுபாதையின் குறுக்கே ஓட்டி நீரைக் கலக்கிவிடுவார்கள். சிற்றலை எழுந்தால் அடிவயிற்றுக்குக் கீழே காற்று புகும், பிடி விடும். இறங்கும்போது ஆபத்து வேறு. கண்ணாடி நீரில் உயரம் தெரியாது. இன்னும் இருபது அடி இருக்கிறது என்று நினைக்கும்போதே மூக்கு தண்ணீரில் குத்திவிடும். அதனால் மெதுவாக, ஒரே சீரான இறக்கத்தில் பவர் வைத்தபடியே வந்து தொட வேண்டும்.

கிளம்பும் ஓட்டத்தில் மூன்று கட்டம் உண்டு. முதலில் விமானம் நீரைத் தள்ளிக்கொண்டு, மூக்கைத் தூக்கிக்கொண்டு உழும். பிறகு அடிவயிற்றில் இருக்கும் ‘ஸ்டெப்’ என்ற படிமேல் ஏறி வழுக்க ஆரம்பிக்கும். அங்கிருந்துதான் வேகம் பிடிக்கும். மூக்கை அதிகம் தூக்கினாலும் அதிகம் தாழ்த்தினாலும் விமானம் முன்னும் பின்னுமாகக் குதிக்கத் தொடங்கும். குதிப்பு ஒவ்வொரு முறையும் பெரிதாகிக்கொண்டே போகும். அடக்க முடியாவிட்டால் த்ராட்டிலை (என்ஜின் விசையை) குறைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவதே வழி.

நிறுத்துவதைப் பிள்ளைகளுக்குச் செய்தே காட்டலாம். நீரில் பிரேக் கிடையாது, பின்னோக்கி இழுக்கும் புரொப்பெல்லரும் கேட்டலினாவில் இல்லை. மிதவையை நெருங்கும்போது பின்புறம் இரு பக்கமும் குமிழ் மாதிரி இருக்கும் ஜன்னல்களிலிருந்து ட்ரோக் என்ற கான்வாஸ் பைகளைத் தண்ணீரில் போடுவார்கள். கூம்பு வடிவம், வாய் அகலம். இரண்டையும் போட்டால் வேகம் குறையும், ஒரு பக்கம் மட்டும் போட்டால் அந்தப் பக்கம் திரும்பும். முன்மூக்கின் மூடியைத் திறந்து ஒருவர் கொக்கிக் கம்போடு நிற்பார். மிதவையின் வளையத்தை அவர் பிடித்துக் கயிறு கட்டிய பிறகே என்ஜின் நிற்கும். கை தவறினால் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி பிடிக்க வேண்டும். காற்றடிக்கும் நாளில் மிதவையைத் தவறவிட்டு என்ஜினையும் நிறுத்திவிட்டால் விமானம் பாய்மரக்கப்பல் போலப் பின்னால் நகர்ந்து கரையில் போய் முட்டும்.

கரையேற்றுவது கூட்டு வேலை. சிமென்ட் சாய்தளம் ஒன்று நீருக்குள்ளேயே தொடங்கிக் கரை மேல் வரும். ‘பீச்சிங் கியர்’ என்ற தனிச் சக்கரங்கள் உண்டு: பக்கத்துக்கு ஒரு செட், வாலுக்கு ஒரு வண்டி. ஆட்கள் மார்பளவு தண்ணீரில் நின்று அவற்றை உடற்பகுதியில் மாட்டுவார்கள். அப்புறம் டிராக்டர் கயிறு கட்டி வால் முதலாக மேலே இழுக்கும். இறக்கும்போது மூக்கு முதலாக நீரில் விட்டு, மிதந்ததும் சக்கரங்களைக் கழற்றிவிடுவார்கள்.

சின்னப் பராமரிப்பையெல்லாம் மிதவையிலேயே முடித்துவிடுவார்கள். கையிலிருக்கும் ஸ்பேனர் நழுவினால் களப்புக்குத்தான் போகும் என்பதால் கருவிகளைக் கயிற்றில் கட்டிக்கொள்வது வழக்கம். பெட்ரோல் நிரப்பத் தனிப் படகு வரும். வெப்பமும் ஈரமும் கூடிய ஊரில் தொட்டியின் உட்சுவரில் நீர் வியர்க்கும். அந்த நீர் அடியில் தேங்கி என்ஜினுக்குப் போனால் கிளம்புகிற நேரத்தில் இருமி நின்றுவிடும். ஆகவே மெல்லிய தோல் வழியாக வடிகட்டி ஊற்றுவார்கள். பறப்பதற்கு முன் தொட்டியின் அடிக் குழாயைத் திறந்து ஒரு கோப்பை பிடித்துப் பார்ப்பார்கள். நீர் இருந்தால் கோப்பையின் அடியில் முத்துப்போல உருளும். அடிவயிற்றில் கசியும் நீரையும் தவறாமல் இறைக்க வேண்டும், மறந்தால் நின்ற இடத்திலேயே முழுகிவிடும். உப்பு கலந்த நீர் என்பதால் நன்னீரால் கழுவுவது கட்டாயம். இல்லாவிட்டால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்து ரிவெட்டின் தலையைத் தின்னும்.


தருமபுரி மெய்யழகன்:

குமரவேல் தம்பி, பர்ச்சால் விஷயத்தில் அட்டை எழுதும்போது கவனம் வேண்டும். அந்த மனிதரின் துணிவு உண்மை. ‘இலங்கையைக் காப்பாற்றினார்’ என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூனும் ஜாவாவும் போயின. அதன் பிறகு இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்க பிரிட்டனுக்கு மிஞ்சிய பெரிய இடம் இலங்கை. கனடா விமானப்படையின் 413-ஆவது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்தின் சல்லம் வோ தளத்திலிருந்து கொக்கலவுக்கு அனுப்பப்பட்டது. லெனர்ட் பர்ச்சால் ஏப்ரல் 2-ஆம் தேதி வந்து சேர்ந்தார். 4-ஆம் தேதி விடியுமுன் ரோந்துக்குக் கிளம்பிவிட்டார். அன்று பிற்பகலில், இலங்கைக்குத் தென்கிழக்கே சுமார் 350 மைல் தூரத்தில், தெற்கு அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. நெருங்கிப் போனால் ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படை. அகாகி, சோர்யூ, ஹிர்யூ, ஷோகாகு, சுய்காகு என்று ஐந்து விமானந்தாங்கிகள்.

கேட்டலினாவின் வேகத்தில் ஜப்பானியரின் ஸீரோ போர்விமானத்திடமிருந்து தப்ப முடியாது. மறைய மேகமும் இல்லை. இருந்த அவகாசத்தில் எதிரியின் இடம், திசை, வேகம் மூன்றையும் ரேடியோவில் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டு விமானம் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். ஆறு பேரை இசோகாசே என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் பிடித்துக்கொண்டு போனது. போர் முடியும்வரை கைதிகள்.

அந்தச் செய்தியால் நடந்தது இது: கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் நகரக்கூடியவை இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டன. நடக்காதது இது: மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, தாக்குதல் நின்றுவிடவில்லை. எச்சரிக்கை கிடைத்திருந்தும் கொழும்பு அருகே ரத்மலானைத் தளத்தில் பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர்விமானங்கள் தரையில் இருக்கும்போதே ஜப்பானியர் தலைக்கு மேல் வந்துவிட்டார்கள். துறைமுகத்தில் ஹெக்டர், டெனடோஸ் என்ற இரு கப்பல்கள் போயின. அன்று பிற்பகலே டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கி 424 பேர் இறந்தனர். 9-ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கி மூழ்கியது. ஜப்பானியர் அந்த முறை வந்தது பிரிட்டிஷ் கடற்படையை அடிக்கத்தான். தரையிறங்கிப் பிடிக்கும் படையோடு வரவில்லை. ஆகவே ‘துறைமுகத்துக் கப்பல்களைக் காப்பாற்றிய எச்சரிக்கை’ என்று எழுதுங்கள், அதுவே பெரிய காரியம்.

நம் பக்கத்தையும் ஒரு வரி சேர்க்கலாம். ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்த சில நாட்களில் மதராஸ் நகரமே காலியானது. அரசு அலுவலகங்கள் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்கு மாற்றப்பட்டன. அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரியும் சேலம் ஜில்லாவின் தாலுக்காக்கள்.

மாதிரியில் ஊர் மக்களை விட்டுவிடாதீர்கள். தளத்துக்காகக் கொக்கல கிராமத்தைக் கையகப்படுத்தினார்கள், குடும்பங்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற வேண்டியிருந்தது. வீடுகளும் தோட்டங்களும் போயின. எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பூர்வீக வீடு தப்பியது, அதிகாரிகள் தங்கப் பயன்படுத்திக்கொண்டதால். இன்று அது அவர் பெயரிலான நாட்டார் கலை அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. பலகையின் ஒரு மூலையில் வீடு போன வெற்று மனைகளைக் கோடிட்டுக் காட்டினாலே போதும், பார்க்கிறவர்கள் கேட்பார்கள்.


மத்தூர் கயல்விழி:

சார், 8-க்கு 4 பலகைக்கு முதலில் அளவுகோல். 1-க்கு 2000 என்று வைத்தால் களப்பின் 4.8 கி.மீ. நீளம் 240 செ.மீ. ஆகிவிடும். பலகையே 244 செ.மீ.தான். கடற்கரைக்கும் சாய்தளத்துக்கும் இடமே இருக்காது. 1-க்கு 2500 எடுத்துக்கொள்ளுங்கள். களப்பு 192-க்கு 80 செ.மீ. ஆகும். நீளவாக்கில் அரை மீட்டர், அகலவாக்கில் 40 செ.மீ. மிச்சம், கடல், மணல்திட்டு, ரயில் பாதை எல்லாம் அடங்கும்.

இந்த அளவில் கேட்டலினா ரொம்பச் சின்னது. நிஜ இறக்கை அகலம் 31.7 மீட்டர், நீளம் 19.5 மீட்டர். பலகையில் 13 மி.மீ., 8 மி.மீ. விசிட்டிங் கார்டு அட்டையில் வெட்டினால் போதும். களப்பின் ஆழம் ஒன்றரை மி.மீ. தான் வரும், எனவே ரெசின் ஊற்றாதீர்கள். ப்ளைவுட் மேல் அவ்வளவு பெரிய பரப்பில் மெலிதாக ஊற்றினால் ஓரம் தூக்கிக்கொள்ளும், குமிழும் நிற்கும். பலகைக்கு இரண்டு பக்கமும் ப்ரைமர் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் வளையும். நீருக்குப் பச்சை கலந்த பழுப்பு, அதன் மேல் பளபளப்பு வார்னிஷ் மூன்று கோட், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. நிலத்தை 3 மி.மீ. ஃபோம் ஷீட் ஒட்டி உயர்த்துங்கள். ஃபோமுக்கு ஃபெவிகால் பாதுகாப்பு. தின்னர் கலந்த பசை பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும்.

விமானத்தின் உருவம் தெரிய பக்கத்து மேசையில் 1-க்கு 72 அளவில் ஒரு சாய்தளக் காட்சி தனியாக வையுங்கள். அதில் இறக்கை 44 செ.மீ., நீளம் 27 செ.மீ. வரும். கடையில் மாதிரி விமானக் கிட் வாங்குவதாக இருந்தால் பிபிஒய்-5 என்ற கேட்டலினா ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ‘5ஏ’ என்று இருந்தால் அது தரையிலும் இறங்குகிற சக்கர மாடல். வயிற்றின் இரு பக்கமும் சக்கரக் குழி இருக்கும், அதைப் புட்டி வைத்து அடைக்க வேண்டிவரும்.

விமானத்தின் மேல் வரையும் பிரிட்டிஷ் படையின் வட்டச் சின்னத்தில் பலர் தவறுவார்கள். 1942 ஏப்ரல் காட்சி என்றால் நடுவில் சிவப்புப் புள்ளி உண்டு. பிறகு ஜப்பானியச் சின்னத்தோடு குழம்பாமல் இருக்க இந்தியா, இலங்கை பக்கத்தில் சிவப்பை நீக்கி நீலம், வெள்ளை மட்டும் ஆக்கினார்கள். 1944 காட்சியில் சிவப்பு வைத்தால் தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.


காவேரிப்பட்டணம் குமரவேல்:

மெய்யழகன் ஐயா, கயல்விழி மேடம், மிக்க நன்றி. 1-க்கு 2500 என்றே முடிவு செய்துவிட்டோம். வெற்று மனைகளும் கண்டிப்பாக வரும். அரவிந்தன் சார், ஆஸ்திரேலியா விமானமும் டேம் கேள்வியும் பாக்கி இருக்கிறது.


ஓசூர் அரவிந்தன்:

சிங்கப்பூர் விழுந்ததும் இங்கிலாந்து–ஆஸ்திரேலியா விமான வழி அறுந்துபோனது. அதை ஒட்டவைக்க 1943 ஜூன் கடைசியில் க்வாண்டாஸ் விமான நிறுவனம் கேட்டலினாக்களைக் கொண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து கொக்கலவுக்கு நேரடி சேவை தொடங்கியது. 1945 ஜூலை வரை 271 முறை கடந்தார்கள். நேர்தூரம் ஏறத்தாழ 5,650 கி.மீ. சராசரி 28 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 200 கி.மீ. மட்டுமே. ஒருமுறை 32 மணி 9 நிமிடம் ஆனது. விடியுமுன் கிளம்பினால் இறங்குவதற்குள் சூரியன் இரண்டு முறை உதித்துவிடும், ‘இரட்டைச் சூரியோதயம்’ என்ற பெயர் அதனால் வந்தது. பயணிகளுக்கு அந்தப் பெயரில் சான்றிதழும் கொடுத்தார்கள்.

எரிபொருள் ஏறத்தாழ 9,000 லிட்டர். பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ என்று வைத்தால் ஆறரை டன். அதற்காகக் கூடுதல் தொட்டிகள் வைத்தார்கள், பனி நீக்கும் கருவி, உட்சுவர்ப் போர்வை போன்றவற்றைக் கழற்றினார்கள். மிஞ்சிய இடத்தில் மூன்று பயணிகள், 69 கிலோ தபால். அவ்வளவுதான்.

இந்தச் சுமையோடு நீரை விட்டு எழும்ப ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகும். சராசரி வேகம் 35 முதல் 40 நாட் என்று கொண்டால் 60 விநாடிக்கு 1.1 கி.மீ., 80 விநாடிக்கு ஒன்றரை கி.மீ. மேடம் சொன்ன அளவில் 44 முதல் 60 செ.மீ. அந்தக் கோட்டைப் பலகையில் வெள்ளைப் புள்ளிகளாகப் போட்டுக் காட்டுங்கள், 4.8 கி.மீ. களப்பு எதற்கு என்று சொல்லாமலே புரியும். முதல் பல மணி நேரம் ஒரு என்ஜின் நின்றால் மற்றொன்றால் உயரத்தைத் தாங்க முடியாது. பெட்ரோலைக் கடலில் கொட்டினால்தான் ஒரே என்ஜினில் பறக்கக்கூடிய எடைக்கு வரும். கொட்டிவிட்டால் மறுகரை கிடையாது.

ஜப்பானியர் ஒட்டுக்கேட்பார்கள் என்பதால் ரேடியோ மௌனம். வழி கண்டது நட்சத்திரத்தை வைத்து. ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களே: ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரிஸ், ஸ்பைக்கா. இதில் ஆல்டேர் நம் திருவோணம், அன்டாரிஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை. பிள்ளைகளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம். நேவிகேட்டர் செக்ஸ்டன்ட்டால் நட்சத்திர உயரத்தை அளப்பார். பக்கக்காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்க இரவில் எரியும் மிதவையைக் கடலில் போட்டு, அது வாலுக்குப் பின்னால் எத்தனை டிகிரி விலகுகிறது என்று அளப்பார். மேகம் மூடினால் கணக்கு மட்டுமே துணை. 28 மணி நேரப் பயணத்தில் 2 டிகிரி விலகல் கவனிக்கப்படாமல் போனால் முடிவில் ஏறத்தாழ 200 கி.மீ. தள்ளிப் போய்விடும். போர் முடிந்ததும் ஐந்து விமானங்களையும் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். அமெரிக்கக் கடனுதவி ஒப்பந்தத்தின் கீழ் வந்தவற்றைப் பணம் கொடுத்து வாங்கவோ, திருப்பவோ, அழிக்கவோ வேண்டும் என்பது விதி.

டேம் கேள்வி அருமையானது. இறங்கியிருக்கலாம், ஆனால் பெர்த் சுமையோடு கிளம்பியிருக்க முடியாது. நம் நீர்த்தேக்கம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 480 மீட்டரில் இருக்கிறது. 35 டிகிரி வெயிலில் அங்கே காற்றின் அடர்த்தி கொக்கலவின் 30 டிகிரியைவிட 7 சதவீதம் குறைவு. இறக்கைக்குத் தாங்கல் குறையும், என்ஜினுக்கும் மூச்சு குறையும், ஓட்டம் நீளும். சுற்றிலும் குன்றுகள் வேறு. 52 அடி முழுக்கொள்ளளவில் பரப்பு தாராளம்; மட்டம் இறங்கினால் பாறையும் மேடும் நீருக்கு ஒரு முழம் கீழே மறைந்து நிற்கும். மீன்வலை, பரிசல் எல்லாம் ஒதுக்க வேண்டும். அணையே 1950-களில் கட்டியது, போர்க்காலத்தில் அங்கே ஆறு மட்டும்தான் என்பதையும் அந்த மாணவிக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் கேட்டலினா நிஜமாகவே நின்ற இடம் வேண்டுமென்றால் சென்னையின் புழல் ஏரி. செங்குன்றம் தளம் என்று பெயர், 240-ஆவது ஸ்குவாட்ரன் அங்கிருந்து பறந்தது.


பர்கூர் சாதிக்:

குமரவேல் சார், இன்றைய நிலைமை. கொழும்பு கோட்டையிலிருந்து காலி வழியாக மாத்தறை போகும் கடலோர ரயிலில் கொக்கலவுக்கே நிலையம் இருக்கிறது. விரைவு ரயில்கள் எல்லாம் நிற்காது, காலியில் இறங்கி மாத்தறை பஸ் பிடிப்பது எளிது. அங்கே தரையில் உள்ள விமான ஓடுபாதை இலங்கை விமானப்படையின் கையில் இருக்கிறது, உள்நாட்டு விமானங்களும் வந்துபோகும். வேலிக்குள் படம் எடுக்க அனுமதி கிடையாது, ட்ரோன் எடுத்துப் போகாதீர்கள். பழைய தள நிலத்தின் பெரும்பகுதியில் 1991-இல் தொடங்கிய ஏற்றுமதித் தொழில் வலயம் இருக்கிறது. அருங்காட்சியகம் அதை ஒட்டித்தான். களப்பைப் பார்க்கப் படகு வாடகைக்குக் கிடைக்கும்.

வரைபடம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இன்றைய செயற்கைக்கோள் படத்தை அப்படியே நகலெடுத்தால் களப்பின் வாய் தவறாக வரும். கடலுக்கும் களப்புக்கும் நடுவே இயற்கையாக இருந்த மணல்திட்டு 1990-களில் அகற்றப்பட்டது. கல் தடுப்பும் போட்டார்கள். அதன் பிறகு கடல்நீர் தாராளமாக உள்ளே வந்து உப்பு கூடிவிட்டது. போர்க்காலத்தில் வாய் பெரும்பாலும் மணலால் அடைபட்டு, மழை வெள்ளம் வந்தால் உடைகிற மாதிரி இருந்த இடம். ஆகவே வாய்ப்பகுதியில் பாலத்துக்கு அடியில் தெரியும் அகலமான நீர்வழியை வரையாமல் முழுக்க மணல் நிறம் கொடுத்து, நடுவில் ஒரு மெல்லிய ஓடை மட்டும் காட்டுங்கள். கரையோரத்தில் கண்டல் மரங்களுக்குப் பச்சை ஸ்பாஞ்சைப் பிய்த்து ஒட்டலாம், சாய்தளம் இருக்கும் பக்கத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள்.